மேற்படி விலங்கு தொடர்பாகத் தம்பிக்கு

பொருள்: நீ உடனே கிளம்பி வரவேண்டியது – தொடர்பாக.
பார்வை: உன் கல்யாணத்தில் பார்த்தது. அதற்குப் பிறகு பார்வையே இல்லை, போனில் குரல் மட்டும்.

என் ஒரே தம்பியும், எங்கள் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் முன்னாள் கோல்கீப்பருமாகிய உனக்கு அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் அங்கே அதைவிட நன்றாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். மேலே பொருள், பார்வை என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. விளையாட்டுப் பிரிவில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஆகிற வரைக்கும் முப்பது வருடம் இப்படியே எழுதிப் பழகிய கை. போன வாரம் பால்காரருக்கு எழுதி வைத்த சீட்டில்கூட 'நாளை முதல் ஒரு பாக்கெட் போதும் என்பது கனிவுடன் தெரிவிக்கப்படுகிறது' என்றுதான் வந்தது. அவர் பயந்துபோய் இரண்டு நாள் பாலே போடவில்லை.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். சொல்லிப் பார்த்தாயிற்று. நான் 'மைதானம்' என்று வாயெடுத்தாலே, "அக்கா, இங்க டவர் கெடைக்கல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். காய்ச்சல், கல்யாணம், விலைவாசி எல்லாவற்றுக்கும் கிடைக்கிற டவர், மைதானம் என்றால் மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? எங்கள் குவார்ட்டர்ஸ் மைதானத்தை ஒட்டி இருக்கிறது என்பதற்காகக் கூடப்பிறந்தவள் வீட்டு வாசலையே மிதிக்காதவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான். கடிதத்துக்கு டவர் வேண்டாம். உட்கார்ந்து முழுசாகப் படி.

விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, நம் எருமையை ஒரு ரெயின்கோட் கம்பெனிக்காரன் ஓட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான்! பல்கலைக்கழகமே அல்லோலகல்லோலப்படுகிறது. டிரேட்மார்க் ஆபீசில் கேஸ் நடக்கிறது. அதில் முதல் சாட்சி நான். இரண்டாவது சாட்சி நீ. உன்னைக் கேட்காமலே உன் பெயரைச் சொல்லிவிட்டேன், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். மறக்கவிடாமல் செய்தவளே நான்தானே. இருந்தாலும் ஃபைல் என்றால் ஆதியிலிருந்து வரவேண்டும், அதனால் எழுதுகிறேன். இறுதிப் போட்டி. நாம் ஒரு கோல் முன்னால். இன்னும் நாலே நிமிடம். அப்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதே ஒரு மழை, ரெஃப்ரி விசிலை ஊதினால் சத்தம் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்து நம் ஆட்கள் பத்துப் பேரும் கொட்டகைக்கு ஓடிவிட்டார்கள். எதிரணியிலும் ஓடினார்கள், ஒரே ஒரு நெட்டை ஆளைத் தவிர. அவன் பந்தோடு வந்துகொண்டிருக்கிறான். கோல் கம்பத்துக்கு நடுவில் நீ மட்டும் நிற்கிறாய். அன்றைக்கு அறிவிப்பாளர் வராததால் டைப்பிஸ்டாகிய என்னை மைக் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். நான் பந்தையா பார்த்தேன்? அம்மா போனதிலிருந்து உன் தலையைத் துவட்டியவள் நான், உன் தலையைத்தான் பார்த்தேன். மைக் வாய்க்கு நேராக இருப்பதே மறந்துபோய், "டேய்! எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி நிக்கிறியேடா! எருமை! எருமை! உள்ள வாடா, சளி புடிக்கும்!" என்று கத்திவிட்டேன். எட்டு ஸ்பீக்கர். அந்த நொடியில்தான் நெட்டையன் அடித்த பந்து உன் வயிற்றில் வந்து தொப்பென்று மோதிக் கீழே விழுந்தது. நீ இம்மிகூட நகரவில்லை. கோப்பை நமக்கு. மைதானம் முழுக்க மூவாயிரம் பேர் எழுந்து நின்று "எருமை! எருமை!" என்று ஒரே கூச்சல்.

அடுத்த வாரம் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். கடைசிப் பரீட்சைக்குக்கூட உட்காரவில்லை. ஏன் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பானேன்? என் வாயால்தான் என் தம்பி படிப்பு கெட்டது என்று எனக்குத் தெரியாதா? உன் மாமா ஒவ்வொரு முறையும் "அவனுக்கு வேற ஏதாவது காரணம் இருக்கும்" என்பார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார், பால் திரிந்தாலும் அதுதான்.

ஆனால் நீ போன பிறகு நடந்தது வேறு. அடுத்த வருட அணி பனியன் முதுகில் மழையில் நிற்கிற எருமையை வரைந்துகொண்டு வந்தது. 'மழை எருமைகள்' என்று பெயர். எதிரணி கோல் போட்டால் நம் பிள்ளைகள் தலையில் கை வைப்பதில்லை, மூவாயிரம் பேரும் சேர்ந்து "பெய்யட்டும்!" என்று கத்துகிறார்கள். இன்னொரு கோலா, பெய்யட்டும்! மார்க் குறைந்தாலும் பெய்யட்டும், ஹாஸ்டலில் தண்ணீர் வராவிட்டாலும் பெய்யட்டும். எருமை வேஷம் போட்டுக்கொண்டு ஆட ஒரு ஆள் வேறு. புள்ளியியல் விரிவுரையாளர், வகுப்பில் சிரிக்கவே மாட்டார், கொம்பை மாட்டிவிட்டால் பிடிக்க முடியாது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லத்தான் எத்தனை முறை போன் எடுத்தேன். நீதான் டவர் இல்லாத இடத்திலேயே குடியிருக்கிறாயே.

இப்போது கேள். போன மாதம் எங்கள் பதிவாளர் ஐயா புதிதாக ஒரு ரெயின்கோட் வாங்கி மாட்டிக்கொண்டு மைதானம் வழியாக ஆபீசுக்கு வந்தார். முதுகில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை, அவர் முதுகை அவர் எப்படிப் பார்ப்பார்? எருமை! மழையில் நிற்கிற எருமை! கீழே 'மழை எருமை – பெய்யட்டும்!' என்று கொட்டை எழுத்தில். பயிற்சியில் இருந்த பிள்ளைகள் பார்த்துவிட்டு ஓவென்று ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினார்கள். இதுவரை அவரை இறக்க வேண்டும் என்றுதான் கோஷம் போட்டிருக்கிறார்கள், ஏற்றியது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டார் மனுஷன். "நல்ல ஏற்பாடும்மா, யார் செஞ்சது?" என்று என்னைக் கேட்டார். நான் இல்லை என்றேன். அப்புறம்தான் சட்ட அலுவலர் கோட்டின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் படித்தாள். சின்னப் பெண், ஆனால் பொடி எழுத்தைப் படிப்பதில் புலி. அந்தக் கம்பெனி இந்தப் பெயரையும் படத்தையும் தனக்கே சொந்தமாக்கிக் கொடுக்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறது. கோட்டுக்கு, குடைக்கு, ரப்பர் பூட்ஸுக்கு, அதோடு நிற்காமல் விளையாட்டுப் பனியனுக்கும்! அது கிடைத்துவிட்டால் நம் பிள்ளைகள் எருமைப் பனியன் போட அவனிடம் போய்க் கை கட்டி நிற்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல ஐந்தே நாள் பாக்கி.

சட்ட அலுவலர் ஆட்சேபத்தைப் போட்டுவிட்டு என்னிடம் குதித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, கவலையே படாதீங்க. இருபத்துநாலு வருஷமா இந்தப் பேரை நாமதான் புழங்கறோம்னு காட்டினாப் போதும், ஜெயிச்சாச்சு. உங்க பழைய ஃபைலை எல்லாம் எடுங்க" என்றாள். நான் பீரோ சாவியைத் தேடுகிற மாதிரி நடித்தேன். காரணத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன், இப்போது ஊருக்கே தெரியும் என்றாலும்.

இருபத்துநாலு வருடமாக 'எருமை' என்கிற வார்த்தையை நான் டைப் அடித்ததே இல்லை. முதல் தடவை பனியன் வாங்கக் குறிப்பு எழுதும்போது அப்போதிருந்த இயக்குநர் 'எருமைகள் அணிக்கு' என்று சொன்னார். என் விரல் ஓடவில்லை தம்பி. உன்னை மைக்கில் சொன்னது போதாது என்று ஃபைலிலும் ஏற்ற வேண்டுமா? 'மேற்படி விலங்கு அணிக்கு' என்று அடித்தேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்த குறிப்பு அதைப் பார்த்து, அதற்கடுத்தது இதைப் பார்த்து, அதுவே ஆபீஸ் வழக்கம் ஆகிவிட்டது. நூற்றுப் பதின்மூன்று ஃபைல். 'மேற்படி விலங்கு அணிக்குப் பனியன் பதினெட்டு.' 'மேற்படி விலங்கின் இடது கொம்பு உடைந்தமை – பழுது பார்க்க அனுமதி கோருதல்.' 'சலவைக்குச் சென்ற மேற்படி விலங்கின் வால் திரும்பாமை – விளக்கம் கேட்டல்.' சட்ட அலுவலர் ஒன்பதாவது ஃபைல் வரைக்கும் சிரித்துக்கொண்டே படித்தாள், பத்தாவதில் சிரிப்பு நின்றது. "மேற்படின்னா மேல எங்கயாவது சொல்லியிருக்கணுமே அக்கா, எங்க இருக்கு?" என்றாள். "என் மனசுல இருக்கும்மா" என்றேன். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்டோர் ரூமில் பழைய பேனரைத் தேடினோம், கரையான் எங்களை முந்திக்கொண்டிருந்தது. செய்தித்தாளில் வந்த பழைய போட்டோ கிடைத்தது, அதில் மழை மட்டும்தான் தெரிகிறது.

முதல் விசாரணை போன செவ்வாய். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை, ஐந்து நாற்காலி, ஓடாத ஒரு கடிகாரம். விசாரணை அதிகாரி என் வயதுப் பெண். கம்பெனி வக்கீல் ஒல்லியாக, ரொம்ப மரியாதையாகப் பேசுகிறவர். மரியாதையாகப் பேசுகிற வக்கீல்தான் ஆபத்து என்று உன் மாமா சொன்னது சரியாகிவிட்டது. ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா, விலங்குன்னு போட்டிருக்கீங்க, எந்த விலங்கு? குதிரையும் விலங்குதான், கழுதையும் விலங்குதான், போலீஸ்காரர் கையில மாட்டறதும் விலங்குதான்" என்றார். கொம்பு உடைந்தது என்று எழுதியிருக்கிறேனே ஐயா என்றேன். "ஆட்டுக்கும் கொம்பு உண்டே அம்மா" என்றார். எனக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று மைக், மழை, நீ, வயிறு, சளி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் அசரவில்லை. "அக்கா தம்பியை எருமைன்னு கூப்பிடறது குடும்ப வழக்கம், அது எப்படி டிரேட்மார்க் ஆகும்? எங்க அக்காவும் என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க. நாளைக்கு அவங்களும் உரிமை கேட்டு வந்தா?" என்றார். அதிகாரி அம்மா பேனாவை மூடிவிட்டு, "எங்க வீட்ல அது பன்னி" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு மைதானத்தில் நின்ற நபரைப் பதினெட்டாம் தேதி நேரில் அழைத்து வந்தால் அவர் வாயால் கேட்டுக்கொள்வதாக எழுதிவிட்டார்.

இதில் வயிறு எரிகிற சங்கதி ஒன்று இருக்கிறது. இந்தப் பெயர் அவர்கள் கம்பெனி ஊழியர் ஒருவருக்குச் சொந்தமாகத் தோன்றியதாம். அவருடைய வாக்குமூலத்தைப் பிறகு தாக்கல் செய்வார்களாம். தோன்றியதாம், தோன்றி! மழையில் நின்றவன் என் தம்பி, கத்தித் தொண்டை கட்டியவள் நான், நோகாமல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டவன் எவனோ ஒரு திருடன். அவன் நன்றாயிருப்பானா? அந்தத் திருடன் வாங்குகிற செருப்பு இரண்டும் இடது காலுக்கே அமைய! அவன் நிற்கிற வரிசை மட்டும் நகராமல் போக! அவன் பெயரில் உள்ள ஃபைல் எந்த ஆபீசில் கேட்டாலும் 'தேடப்பட்டு வருகிறது' என்றே பதில் வர! அவனைப் பெற்று வளர்த்தவர்களைச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு வளர்ப்பு.

கேஸ் தோற்றால் 'மேற்படி விலங்கு'க்காக எனக்கு மெமோ தருவதாகப் பதிவாளர் சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கிறது. தரட்டும், அதையும் நானே டைப் அடித்துக் கொடுக்கிறேன். எனக்கு அது பெரிதில்லை. உன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் கிடைத்தது, அதை எவனோ கோட்டு முதுகில் ஒட்டி விற்கிறதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உன்னிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். எந்த வார்த்தைக்காக நீ ஓடினாயோ, அதே வார்த்தையை நாலு பேர் முன்னால் நின்று 'அந்த எருமை நான்தான்' என்று உன் வாயாலேயே சொல்லச் சொல்கிறேன். கேட்கக்கூடாததுதான், கேட்டுவிட்டேன். பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணி, மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாது.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, குழந்தைக்கு நாங்கள் ஆளுக்கொரு முத்தமாக இரண்டு. நீ நூறு வயசு வாழ்ந்து, அத்தனை வயசிலும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருப்பாயாக.

இப்படிக்கு,
உன்மேல் கோபமும், கோபத்தைவிட அதிகமாக மற்றதும் உள்ள
அக்கா

நகல்: உன் மாமாவுக்கு, தகவலுக்காக. (படித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நீளம்" என்றார்.)

பி.கு.: கவரில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் சட்ட அலுவலர் ஓடிவந்தாள், காலில் செருப்புகூட இல்லை. கம்பெனி அந்த ஊழியரின் வாக்குமூலத்தைத் தாக்கல் செய்துவிட்டது. கடைசிப் பக்கத்துக் கையெழுத்தைப் பார்த்தேன். அந்தச் சுழி எனக்குத் தெரியாதா? கையைப் பிடித்து உனக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவள் நான்.

இரண்டு வருடம் முன்னால் "வேலை மாறிட்டேன் அக்கா" என்றாய். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்காமல், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டு வைத்தவள் நான். அது என் தப்பு. மேலே 'திருடன்' என்று வருகிற இடத்தையெல்லாம் நீயே அடித்துவிடு, நான் அடித்தால் பேப்பர் கிழிந்துவிடும். செருப்புச் சாபம், வரிசைச் சாபம், ஃபைல் சாபம் மூன்றும் வாபஸ். வளர்ப்பைப் பற்றிச் சொன்னது மட்டும் இருக்கட்டும், அது எனக்குத்தானே.

நீ எழுதியிருப்பதை நாலு தடவை படித்துவிட்டேன், மனப்பாடமே ஆகிவிட்டது. 'இது என் பட்டப்பெயர். பல்கலைக்கழக மைதானத்தில், இறுதிப் போட்டியன்று, மழையில் நான் நின்றபோது என் அக்கா ஒலிபெருக்கியில் வைத்தது. அன்று மூவாயிரம் பேர் அதைச் சொல்லிக் கை தட்டினார்கள். அதன்பின் எனக்காக யாரும் கை தட்டியதில்லை. நான் படிப்பை விட்டது இந்தப் பெயரால் அல்ல. அதற்கு முன்பே ஐந்து தாள்களில் தேறியிருக்கவில்லை, அதை அக்காவிடம் சொல்லப் பயந்து ஓடினேன். மூன்று வருடம் படித்தும் அந்தப் பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த ஒரே பட்டம் இதுதான்.'

அடப்பாவி! அஞ்சு பேப்பரா! நீ வெட்கப்படுகிறாய் என்று இருபத்துநாலு வருடம் ஒரு வார்த்தையை ஃபைலில் ஏறவிடாமல் காத்தேனே, நீ என்னடா என்றால் அதைப் பெருமையாகக் கொண்டுபோய்க் கம்பெனிக்கே கொடுத்திருக்கிறாய்! நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் உன் மாமா பொதுவாக ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "வேற காரணம் இருக்கும்னு சொன்னேனே" என்று வேறு சொன்னார். ஒரு தடவை பலித்துவிட்டது, இனி அவரைப் பிடிக்க முடியாது.

சட்ட அலுவலருக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, நம்ம மைதானத்துல, நம்ம மேட்ச்ல பொறந்த பேருன்னு அவங்க சாட்சியே எழுதிக் குடுத்துட்டாரு! இதுக்கு மேல நமக்கு என்ன வேணும்? உங்க தம்பி வரவே தேவையில்ல" என்றாள். உன் முதலாளி உன்னை ஏதாவது சொன்னால், நடந்ததைத்தானே எழுதினேன் என்று சொல்.

ஆக, கேஸுக்கு இனிமேல் நீ வேண்டாமாம். எனக்கு வேணும்டா. அஞ்சு பேப்பருக்கும் சேர்த்துத் திட்ட வேண்டியிருக்கிறது, அதைப் போனில் திட்ட முடியாது, வீட்டுக்கு வா.